கையை எடுத்த ஞாயிற்றுக்கிழமை

மண்டபத்தில் முதல் வரிசையில் நடு நாற்காலி எனக்கு. பின்வரிசை முழுக்க வாடிப்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்த என் மாமனார் வீட்டு ஆட்கள். மேடையில் தோள்வரை முடி வளர்த்த நான்கு இளைஞர்கள், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் மனைவி பூங்கொடியின் தம்பி செல்லப்பாண்டி.

கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அதுவரை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த வலது கையை எடுத்தேன். இடது கையோடு கோத்து மடியில் வைத்துக்கொண்டேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தேன்.

நான் செய்தது அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் பின்னால் என் மாமனார் சோலைமலை தொண்டையைச் செருமியது அந்த இரைச்சலையும் தாண்டி எனக்குக் கேட்டது. செல்லப்பாண்டியும் மேடையிலிருந்து என் மடியைப் பார்த்துவிட்டான். ஒரு மனிதனின் முகம் அப்படி விழுந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எந்த வருஷம் என்று பூங்கொடியைக் கேட்டால் மாதத்தோடு சொல்வாள். நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் மற்றதையும் சேர்த்துச் சொல்வாள்.

முன்வரிசையின் சட்டம்

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் மிருதங்கக்காரன் என்பது தெரியும். தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மதுரை வட்டாரத்தில் லயம் என்றால் என் பெயரைச் சொல்வார்கள். இதில் அடக்கம் காட்டினால் அது பொய்.

எங்கள் கச்சேரி உலகத்தில் முன்வரிசையில் உட்காருகிற வித்வானுக்கு ஒரு வேலை உண்டு. கையில் தாளம் போட வேண்டும். தட்டு, விரல், வீச்சு என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சுத்தமாகப் போட வேண்டும். அது மேடையில் இருப்பவருக்குச் செய்கிற மரியாதை. கொஞ்சம் மிரட்டலும்தான்.

பின்னால் இருக்கும் கூட்டம் பாதி நேரம் பாடகரைப் பார்க்காது. முன்வரிசைக் கையைத்தான் பார்க்கும். அந்தக் கை ஓடிக்கொண்டிருந்தால் மேடையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். கை நின்று மடிக்குப் போய்விட்டால் மேடையில் இருப்பவன் கதை முடிந்தது. இடைவேளையில் காப்பி குடிக்கிற இடத்தில் அதற்கு மேல் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை.

மேடையில் இருக்கிற மிருதங்கக்காரனுக்கோ வேறு சட்டம். பாடகர் தாளம் விட்டுவிட்டால் அதை அவன் ஊருக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது. சத்தமில்லாமல் பாடகர் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும்.

சோழவந்தான் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பாடியவர் பெரிய மனிதர், வயதானவர், அன்றைக்கு நல்ல ஜலதோஷம். பல்லவியைத் திரும்ப எடுக்கும்போது அரை எண்ணிக்கை தள்ளி எடுத்துவிட்டார். அவருக்கே தெரியாது. நான் வாசித்துக்கொண்டிருந்த ஒரு தாளச் சொல்லை இழுத்து நீட்டி அவரோடு போய் ஒட்டிக்கொண்டேன். வயலின் ராமபத்ரன் மட்டும் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு வில்லை அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர்கள், தாங்கள்தான் தப்பாகப் போடுகிறோம் என்று பயந்து கையை மாற்றிக்கொண்டார்கள்! கச்சேரி முடிந்ததும் அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார். எந்தச் சபையும் போர்த்திய பொன்னாடையை அந்தக் கைப்பிடிக்கு ஈடாக நான் நினைத்ததில்லை.

முடி, சத்தம், சமம்

அந்த நாட்களில் ராக் என்ற பெயரைக் கேட்டாலே எங்கள் ஆட்கள் எழுந்து வேட்டியை உதறுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறை தயாராக இருக்கும். பாடகர்களுக்குச் சத்தம் பிடிக்காது. வீணைக்காரர்களுக்கு மின்சாரம் பிடிக்காது. சபா காரியதரிசிகளுக்கு முடி பிடிக்காது.

முடி விஷயத்தில் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. மிருதங்கம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் முடிகிற இடத்தில் நானே தலையை ஒரு உலுக்கு உலுக்கி, முன்முடி நெற்றியில் விழும்படி பார்த்துக்கொள்கிற ஆள். "என் தம்பி முடியைச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்கா?" என்று பூங்கொடி கல்யாணமான புதிதிலேயே கேட்டுவிட்டாள்.

ராமபத்ரன் ஒருவர்தான் வேறு மாதிரி. ஒருநாள் டீக்கடை ரேடியோவில் வந்த கிடாரை நின்று கேட்டுவிட்டு, "தந்தியை அமுக்கி வளைக்கறான் பாரும். அது கமகம் இல்லாமே வேற என்னவாம்?" என்றார். அவருக்கு வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் குறை சமம். சமம் என்றால் தாளத்தின் தலை, எண்ணிக்கையில் முதல் தட்டு. எந்தப் பாட்டும் எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். "அவனுகளுக்குச் சமம் எங்க இருக்குன்னே தெரியாது. எங்க அடிக்கணுமோ அங்க விட்டுட்டு, விட வேண்டிய எடத்துல அடிக்கிறானுக" என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன்.

இவ்வளவு கோபம் எனக்கு எதற்கு என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் சங்கீதக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. அலங்காநல்லூருக்கு மேற்கே கரும்பும் நெல்லும் போட்ட சம்சாரி வீட்டுப் பையன். முதன்முதலில் ஒரு சபாவில் வாசிக்கப் போனபோது, மிருதங்கத்தோடு நின்ற என்னைப் பார்த்து ஒருவர், "அலங்காநல்லூர்னா மாட்டைத்தானே பிடிக்கத் தெரியும்? இது தோல்தான், மாடு இல்லே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து பத்து வருஷம் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வதற்காகவே சாதகம் செய்தேன். உள்ளே இடம் கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், வாசலில் கம்போடு நின்றுகொண்டதுதான். அடுத்தவனைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வாடிப்பட்டி வைத்த நிபந்தனை

செல்லப்பாண்டி கல்லூரி முடித்து மூன்று வருஷமாகியிருந்தது. ரயில்வே காலனியைச் சேர்ந்த மூன்று நண்பர்களோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆரப்பாளையம் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் வருவான். அக்கா வைத்த அயிரை மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டின் விளிம்பில் விரலால் வாசிப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். அவன் வாசிப்பது பிடிக்காது. அதை அவனிடமே சொல்லியிருந்தேன். "கேட்டுட்டுத் திட்டுங்க மச்சான்" என்பான். நான் ஒருநாளும் போய்க் கேட்டதில்லை.

கொடைக்கானலில் ஒரு பெரிய ஓட்டலிலிருந்து அவர்களுக்குக் கடிதம் வந்தது. சீசன் முழுக்க வந்து வாசிக்க வேண்டும், நன்றாக இருந்தால் வருஷம் முழுக்க. ஒரு வாரத்துக்குள் பதில் போட வேண்டும். செல்லப்பாண்டிக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. அவன் அப்பா, அதாவது என் மாமா, அவனைத் தன் வாடிப்பட்டி ரைஸ் மில்லில் உட்காரவைக்கக் காத்துக்கொண்டிருந்தார்.

மாமா கெட்டவர் இல்லை. நெல் விளைவித்து, பிறகு நெல் அரைத்து முன்னுக்கு வந்தவர். தனக்குத் தெரியாத விஷயத்தில் தெரிந்தவன் சொன்னபடி நடக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். வீட்டில் சங்கீதம் தெரிந்தவன் ஒருவன் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்?

"எனக்கு அது என்ன எழவுன்னு தெரியாது மாப்பிள்ளை" என்றார். "நீங்க வந்து உக்காந்து கேளுங்க. உங்க கை ஓடுச்சுன்னா அவன் போகட்டும். இல்லேன்னா மில்லுக்கு வரட்டும். அம்புட்டுத்தான்."

செல்லப்பாண்டி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் நேர்மையில் அவனுக்கு என்னைவிட நம்பிக்கை இருந்தது.

நான் கேட்ட கச்சேரி

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நேர்மையாகத்தான் உட்கார்ந்தேன். பொய்த் தாளம் போட வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் செல்லப்பாண்டி இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேலே தூக்கி ஒன்றோடொன்று நாலு தட்டுத் தட்டினான். மற்றவர்களை எழுப்புகிறான் என்று நினைத்தேன். அதைச் சங்கீதத்தில் சேர்க்கவில்லை. பிறகு எல்லாமாகச் சேர்ந்து இடி இறங்கியது. எனக்கு நேர் எதிரே கிடார் ஸ்பீக்கர். அதன் உறுமலுக்குள்ளிருந்து தெளிவாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செல்லப்பாண்டியின் முழங்காலுக்கு முன்னால் இருந்த சின்ன டிரம்மில் விழுந்த அடி. 'டப்' என்று சாட்டை மாதிரி விழும்.

அந்த அடியைப் பிடித்துக்கொண்டு ஆதி தாளம் போட ஆரம்பித்தேன். எட்டு எண்ணிக்கை. ஒன்று, ஐந்து, ஏழு என்று என் தட்டு விழுகிற மூன்று இடத்திலும் அந்த 'டப்' சரியாக வந்து விழுந்தது. பரவாயில்லையே என்றுகூட நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன், மாமா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஆனால் பாட்டு முடிகிற இடம் வந்தபோது நாலு பேரும் என் எட்டாவது எண்ணிக்கையில் வந்து விழுந்தார்கள். என் சமத்துக்கு ஒரு எண்ணிக்கை முன்னால். அடுத்த பாட்டிலும் அதே. மூன்றாவதிலும் அதே. நான் விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன். 'டப்' என்னோடுதான் இருந்தது. இறங்குகிற இடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு எண்ணிக்கை முந்திக்கொண்டது. செல்லப்பாண்டி அடிக்கடி என் கையைப் பார்த்தான். தப்புச் செய்கிறவன் பார்க்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசிப் பாட்டின் நடுவில் எல்லாமே சரிந்தது. டிரம்ஸ் ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம். கிடார்க்காரன் திரும்பிச் செல்லப்பாண்டியை முறைத்தான். 'டப்' என் தட்டை விட்டு நகர்ந்துபோய்விட்டது. அந்த இடத்தில்தான் நான் கையை எடுத்தேன். சில நொடிகளில் அவர்கள் மறுபடி ஒன்று சேர்ந்துவிட்டார்கள். நான் மறுபடி தாளம் போடவில்லை.

மண்டப வாசலில் மாமா கேட்டார். "என்ன மாப்பிள்ளை?"

"தாளம் சேரல மாமா."

அவ்வளவுதான் தீர்ப்பு. செல்லப்பாண்டி பக்கத்தில்தான் நின்றான். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான்.

பூங்கொடியின் கேள்வி

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் என் வீட்டில் சாப்பாடு தட்டில் வந்து விழும் சத்தம்தான் பேச்சு. புதன்கிழமை மத்தியானம் நான் மிருதங்கத்தின் இடது பக்கத்தில் கனத்த சத்தத்துக்காக ஒட்டுகிற ரவையைப் பிசைந்துகொண்டிருந்தேன். பூங்கொடி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? எனக்குப் பாட்டும் தெரியாது, கூத்தும் தெரியாது."

"கேளு."

"அவன் எம்புட்டு முன்னால வந்தான்?"

"ஒரு எண்ணிக்கை."

"எல்லாப் பாட்டுலயுமா?"

"கடைசிப் பாட்டைத் தவிர எல்லாத்துலயும். அதுல ஒரேயடியா விழுந்துட்டானுக."

"தப்புப் பண்றவன் ஒருக்கா முன்ன வருவான், ஒருக்கா பின்ன வருவான். நாலு பேரும் ஒண்ணு போல, ஒவ்வொரு தடவையும் சரியா ஒரே எண்ணிக்கை முன்னால வாரானுகன்னா, அது எப்படிங்க தப்பாகும்?"

நான் ரவையைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அது பிசுபிசுத்துத் தண்ணீராகிவிட்டது. "உனக்குத் தெரியாது" என்று சொல்ல வேண்டிய இடம் அது. எத்தனையோ தடவை சொன்னதுதான். அன்றைக்கு வாய் வரவில்லை.

அவள் முந்தானையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். அன்றைய நிகழ்ச்சியை அவர்களில் ஒருவனுடைய நண்பன் மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தான். "கேட்டுட்டு நீங்க சொன்னதே சரின்னாலும் சரிதான். நான் அப்புறம் பேச மாட்டேன்" என்று எழுந்து போனாள்.

நாலு தட்டு

என் கச்சேரிகளைப் பதிவு செய்ய வாங்கிய டேப் ரெக்கார்டர் அது. வேறு யாருடைய சங்கீதமும் அதில் ஓடியது கிடையாது.

போட்டதும் முதலில் கேட்டது அந்தக் குச்சித் தட்டுத்தான். டக், டக், டக், டக். பக்கத்திலேயே இருந்ததால் நெற்றியில் தட்டுகிற மாதிரி கேட்டது. நாலு தட்டுக்கும் நடுவில் மயிரிழை வித்தியாசம் இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒருவன் நாலு தட்டினால் ஐந்தாவது எங்கே விழும் என்று எந்த மிருதங்கக்காரனுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. கை தானாகப் போய் அங்கே விழுந்தது.

அந்த இடத்தில் 'டப்' இல்லை. அடியிலிருந்து வேறொன்று வந்தது. காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம். மண்டபத்தில் ஸ்பீக்கர் உறுமலில் எனக்குக் கேட்காமலே போன சத்தம். ரவை வைத்த என் இடது பக்கத்தில் நான் சமத்தில் எழுப்புவேனே ஒரு 'தொம்', அதே 'தொம்'. அதற்கு அடுத்த எண்ணிக்கையில்தான் 'டப்' விழுந்தது.

அவர்கள் வழக்கம் அது. தலையில் அமுங்கின சத்தம், அடுத்ததில் ஓங்கின சத்தம். நான் ஓங்கினதைத் தலை என்று எடுத்துக்கொண்டு, அவர்களுடைய இரண்டாவது எண்ணிக்கையில் என் சமத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பதினாறு வருஷம் வாசித்தவன், எந்த இடத்தில் எடுத்தாலும் சமாளிப்பேன் என்று மார்தட்டியவன், எல்லோரும் பார்க்க, அத்தனை பாட்டுக்கும் தப்புத் தாளம் போட்டிருக்கிறேன். சமம் எங்கே என்று தெரியாதவன் அந்த மண்டபத்தில் ஒருவன்தான் இருந்தான். அவன் முதல் வரிசையில் நடு நாற்காலியில் இருந்தான்.

ஒவ்வொரு பாட்டாகக் கேட்டேன். கை ஓடியது. முடிகிற இடமெல்லாம் என் தட்டுக்கு அடியில் வந்து விழுந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? நல்ல லயத்தைக் கேட்டால் என் உடம்பு பொய் சொல்லாது.

கடைசிப் பாட்டு வந்தது. பாதி வரை கல் மாதிரி நின்றது. நடுவில் ஓர் இடத்தில் செல்லப்பாண்டி ஒரே ஒரு எண்ணிக்கை கூடுதலாக நின்று, தள்ளி எடுத்தான். கிடார்கள் பழைய இடத்திலேயே போயின. அங்கேதான் சரிவு. திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். கைதவறி விழுந்த மாதிரி இல்லை. வேண்டுமென்றே வைத்த மாதிரி இருந்தது. அத்தனை பாட்டிலும் இம்மி பிசகாதவன் இங்கே எதற்கு ஒரு எண்ணிக்கையைச் சேர்த்தான்?

எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காலை ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ் ஏறினேன்.

தவிடு ஒட்டிய தலை

மில்லில் நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்றவனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடியை ஒட்ட வெட்டியிருந்தான். காதெல்லாம் வெளியே தெரிய, தலையில் தவிடு படிந்திருந்தது.

"வாங்க மச்சான்" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பேச முடியாமல் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். "கேசட்டைக் கேட்டேன் மாப்ள. தாளம் உன்கிட்டத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பாப் போட்டிருக்கேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும் மச்சான்."

"எப்பத் தெரியும்?"

"மொதப் பாட்டுலயே பாத்துட்டேன். உங்க கை எங்க விழுகுதுன்னு தெரிஞ்சுச்சு."

"வெளிய வந்ததும் சொல்லியிருக்கலாம்ல?"

"அப்பா முன்னாடியா? நம்ம ஆளுக அம்புட்டுப் பேரு நிக்கிறாக. உங்களுக்குத் தாளம் தெரியலைன்னு நான் சொல்றதா?"

அப்புறம்தான் கேட்டேன். "கடைசிப் பாட்டுல ஒரு எண்ணிக்கை சேத்தியே. அது எதுக்கு?"

அவன் காலால் நெல் உமியை ஒதுக்கிக்கொண்டே இருந்தான்.

"முடியுற எடமெல்லாம் உங்க கைக்குச் சேராமப் போச்சு. பின்னால அப்பா உங்க கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கடைசிப் பாட்டுலயாவது உங்க எடத்துக்கு வந்துருவோம்னு பாத்தேன் மச்சான். ஒரு எண்ணிக்கை நின்னு எடுத்தா உங்க தட்டும் என் தொம்மும் சேந்துரும். நீங்க போட்டதுதான் சரின்னு ஆயிரும். அவனுகளும் பின்னால வந்துருவானுகன்னு நெனச்சேன். வரலை."

நான் அங்கே கிடந்த ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தேன்.

சோழவந்தான் பக்கத்தில் அந்தப் பெரியவருக்கு நான் செய்ததை இவன் எனக்குச் செய்திருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் சட்டமெல்லாம் அவனுக்குத் தெரியாது. என் தப்பு ஊருக்குத் தெரியக் கூடாது என்று தன் வாழ்க்கையை வைத்து ஒரு எண்ணிக்கை நின்றிருக்கிறான். அவன் என்னிடம் வந்து சேர்ந்த அந்த நொடியில்தான் நான் கையை எடுத்து மடியில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏன் பேசாமல் நின்றார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எழுந்து மாமாவைத் தேடிப் போனேன்.

குடோன் சாவி

மாமா நெல் காயப்போட்ட களத்தின் ஓரத்தில் நின்றார். சுமை தூக்குகிறவர்கள், நெல் தள்ளுகிற பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பின்வரிசை பார்க்கச் செய்ததைப் பின்வரிசை பார்க்கத்தான் திருத்த வேண்டும்.

"மாமா, செல்லப்பாண்டி தாளம் விடலை. நான்தான் விட்டேன். நான் விட்டதை மறைக்கப் போய்த்தான் அவன் கடைசிப் பாட்டுல விழுந்தான்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்காக்காரி அழுதாளாக்கும்?"

"அவ அழலை. கேள்விதான் கேட்டா."

"ஊரே உங்க கையைப் பாத்துத் தாளம் போடுது. நீங்க தப்பாப் போட்டேன்னா நான் நம்பவா? எம்மகன் மேல எரக்கப்பட்டுச் சொல்றீக."

எனக்கு வந்த கோபத்தில் குரல் ஏறிவிட்டது. "எரக்கப்பட்டுச் சங்கீதத்துல நான் ஒருத்தனுக்கும் ஒண்ணும் சொன்னதில்லை மாமா. அவன் செஞ்சதைச் செய்யிற ஆளு எங்க கூட்டத்துலயே நாலு பேரு தேறாது."

அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். கச்சேரி முடிந்த கையோடு டிரம்ஸைக் குடோனில் வைத்துப் பூட்டியிருந்தார். "எடுத்துப் போடச் சொல்லுங்க. அன்னைக்கு மாதிரியே நீங்க முன்னால உக்காருங்க. நான் பின்னால உக்காருறேன். என் கண்ணால பாத்துக்கிறேன்."

மில்லை நிறுத்தினார்கள். களத்தில், அரை மணி நேரத்தில், நெல்லுக்கு நடுவே டிரம்ஸ் நின்றது. எனக்கு ஒரு மர ஸ்டூல். பின்னால் மாமாவும் மில் ஆட்களும். கிடாரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. செல்லப்பாண்டி மட்டும், ஒட்ட வெட்டிய தலையோடு.

உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தொடைக்கு மேலே தயாராக வைத்தேன்.

குச்சிகளைத் தூக்கினான். நாலு தட்டு. ஐந்தாவதில் என் கையும் அவன் காலும் ஒன்றாக விழுந்தன. தொம். அடுத்ததில் டப். இந்தத் தடவை நான் அதில் ஏமாறவில்லை.

முதல் சில சுற்றுகளுக்கு அவன் கண் என் கையிலேயே இருந்தது. எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் தவறினால் மறுபடியும் என்னிடம் வந்துவிடத் தயாராக இருந்தான். நான் தவறவில்லை. ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிட்டுச் சமத்தில் வந்து இறங்கினான். என் தட்டு அங்கே இருந்தது. அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

எவ்வளவு நேரம் வாசித்தான் என்று தெரியாது. பெண்கள் நெல் தள்ளுகிற பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். பின்னாலிருந்து மாமாவின் குரல் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது.

"கை ஓயலையே மாப்பிள்ளை."

"ஓயாது மாமா."

தொண்டையைச் செருமிக்கொண்டார். முன்னால் வந்து, குடோன் சாவியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். வலது கை தாளத்தில் இருந்தது. இடது கையால் எடுத்துக்கொண்டேன்.